பல்லைப் பிடித்துப் பார்க்கிறேன்

புத்தம்புது சைக்கிள். சீட்டில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. ஹேண்டில்பாரில் அம்மா வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை. அதன் முதல் பயணம் கோயிலுக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கும் இல்லை. நேராகச் சைக்கிள் கடைக்கு. அதுவும் ஏறி மிதித்து அல்ல, உருட்டிக்கொண்டு.

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற கடை அது. என் பழைய வண்டிக்குக் காற்றடிக்கப் போயிருந்தேன். அன்று காலைதான் ஒரு பள்ளியில் விலையில்லா மிதிவண்டி வழங்கும் விழா நடந்து முடிந்திருந்தது. மேடை, பந்தல், பொன்னாடை, வழி நெடுக ஃபிளெக்ஸ். பேச்சு மட்டும் இரண்டரை மணி நேரம். வரிசையில் நின்ற சைக்கிள்களுக்கு முன்னால், அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்குக் காற்று இறங்கிவிட்டது.

"எத்தனையாவது தாயி?" என்றார் கடை அண்ணாச்சி, அம்மாவோடு சைக்கிளை உருட்டி வந்த பிள்ளையிடம்.

"பன்னண்டாவது தாத்தா."

"படிப்பக் கேக்கல. காலையில இருந்து இங்க வந்த புதுச் சைக்கிள எண்ணிக்கிட்டு இருக்கேன். ஒம்பது. ஒன்னுது பத்து."

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பின் சக்கரத்தை ஒரு சுண்டு சுண்டினார். அது சுற்றவில்லை, பரதநாட்டியம் ஆடியது. ரிம்மில் அவ்வளவு கோட்டம். அச்சில் விரலை வைத்துத் தடவி என்னிடம் காட்டினார். கிரீஸ் என்ற பொருளின் வாசனைகூட அதில் இல்லை. பிறகு இடது பெடலுக்கு வந்தார். முகம் மாறியது.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். எல்லாச் சைக்கிளுக்கும் அப்படித்தான். மிதிக்க மிதிக்கக் கழன்று விழாமல் இருப்பதற்கான ஏற்பாடு. ரைட் சகோதரர்கள் விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடைதான் வைத்திருந்தார்கள். 1900-லேயே தங்கள் வண்டிகளுக்கு இந்த மரையைப் போட்டார்கள். லாரியில் உதிரியாக வந்த சைக்கிளைப் பள்ளி மைதானத்தில் பூட்டிக்கொடுத்த ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. பீஸ் கணக்கில் கூலி. எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டியதை நேர்ப்பக்கம் சுற்றி, ஏறாமல் போனதும் சுத்தியலால் நாலு போட்டு ஏற்றிவிட்டார்கள். மரை மொத்தமும் மழித்துவிட்ட தலை மாதிரி ஆகிவிட்டது. இனிப் பெடலும் உதவாது, அது மாட்டுகிற கிராங்கும் உதவாது.

கோட்டம் எடுக்க, கிரீஸ் வைத்து டைட் வைக்க, பிரேக் கட்டை மாற்ற, கிராங்க், பெடல். ஆகமொத்தம் 430 ரூபாய். அண்ணாச்சி 30 ரூபாயைத் தள்ளினார். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த உண்மையான மானியம் அந்த முப்பதுதான்.

அம்மா கட்டட வேலைக்குப் போகிறவர். விழாவுக்கு வந்ததில் அன்றைய கூலி ஏற்கெனவே போயிற்று. முந்தானை முடிச்சிலிருந்து 500 ரூபாய்த் தாளை எடுத்தபோது மறுநாள் கூலியும் போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"ஓசில குடுக்குறாக. கொற சொல்லக் கூடாதுண்ணே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான். கோணல் சக்கரத்தைக்கூட மன்னித்துவிடலாம். இந்த வாக்கியத்தை மன்னிக்க முடியாது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். மாடு கொடுத்தவன் சொன்ன பழமொழியாகத்தான் இருக்கும். வாங்கியவன் சொல்லியிருக்க மாட்டான். சரி, தானம் என்றால் பல்லைப் பார்க்க வேண்டாம். ஆனால் இது யார் வீட்டு மாடு? மேடையில் பேசியவர் தன் தோட்டத்தை விற்று வாங்கினாரா? அந்த அம்மா வாங்குகிற சோப்பிலும் பிஸ்கட்டிலும் செருப்பிலும் பிடித்த வரியில் வாங்கியது. எங்கள் தொழுவத்து மாட்டை எங்களுக்கே தானம் கொடுத்துவிட்டு, பல்லைப் பார்க்காதே என்றால் எப்படி? பார்ப்போம். கடைவாய்ப் பல் வரைக்கும் பார்ப்போம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இந்தத் திட்டம் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2005-06-இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு படிக்கிற மாணவ மாணவியர் எல்லோருக்கும் வந்தது. ஆட்சிகள் மாறின, சைக்கிள் மாறவில்லை. 2011-க்குப் பிறகு "இலவச" என்ற சொல்லைத் தூக்கிவிட்டு "விலையில்லா" என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். அடுத்து வந்தவர்களும் அதையே வைத்துக்கொண்டார்கள். இரண்டு கட்சிகளும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட அபூர்வச் சொல் அது. வாங்குகிறவரின் மானத்தைக் காப்பாற்றுகிற சொல்லாம். மானத்தைக் காப்பாற்றியவர்கள் மரையையும் காப்பாற்றியிருக்கலாம்.

அச்சடித்த விலையைப் பற்றி எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பட்டாசுப் பெட்டியில் ஆயிரம் என்று போட்டு, 80 சதவீதம் தள்ளுபடி என்று இருநூறுக்கு விற்கிற சீமை இது. பெட்டியில் இருப்பது பொய் என்று விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். இருவரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே காசை மாற்றிக்கொள்வார்கள். சைக்கிளில் அதே பொய் தலைகீழாக வருகிறது. போட்டிருக்கிற விலை பூஜ்யம். மீதியைப் பிற்பாடு, பஞ்சர் கடையில், தவணை முறையில் வசூலிப்பார்கள்.

உண்மை விலை எவ்வளவு? 2022 ஜூலையில் தொடங்கிவைத்த சுற்றில் 6,35,947 பிள்ளைகளுக்கு 323 கோடி ரூபாய். வகுத்தால் ஒரு வண்டிக்கு ஐந்தாயிரத்துச் சொச்சம். லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்குகிற விலை இது. இந்தியாவிலேயே இதைவிடப் பெரிய சைக்கிள் வாடிக்கையாளர் அதிகம் பேர் கிடையாது. அந்த வாடிக்கையாளர் கண்ணை உருட்டினால் லூதியானா நடுங்க வேண்டும், அம்பத்தூர் நடுங்க வேண்டும். ஆனால் நடுங்குவது பின் சக்கரம் மட்டும்தான்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஒப்பந்தப்புள்ளியில் யார் குறைவோ அவருக்கு வேலை. சட்டம் ஒன்றும் கெட்ட சட்டம் இல்லை. ஆனால் ஒரு வண்டியில் இருபது ரூபாயைக் குறைக்க வேண்டும் என்றால் எங்கே கை வைப்பார்கள்? பெயிண்டில் வைக்க மாட்டார்கள், போட்டோவில் தெரியும். கூடையில் வைக்க மாட்டார்கள், அதுவும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கிரீஸில் வைப்பார்கள், பால்ஸில் வைப்பார்கள், பூட்டுகிறவனின் கூலியில் வைப்பார்கள். விழா முடியும் வரை நிற்கிற சைக்கிளுக்கு அவை எதுவும் தேவைப்படாது. அது ஓடுவதற்குத்தான் தேவை.

கோப்பில் இருபது ரூபாய் மிச்சம். அம்மாவின் முந்தானையில் 400 ரூபாய் பற்று. இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுகிற கணக்குப்பிள்ளை எந்த அலுவலகத்திலும் இல்லை. அதனால் மிச்சம் மட்டும் கணக்கில் வருகிறது.

நானும் சட்டை கிழியாத யோக்கியன் இல்லை. மகனுக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். மதுரையில் ஒரு கடை. தடித்த டயர், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், நடுவில் ஸ்பிரிங். பார்த்தால் மோட்டார் சைக்கிளுக்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. விலையோ தங்கச்சி விலைகூட இல்லை. ஆசைப்பட்டேன். நான்காவது மாதம் கியர் தானாக மாற ஆரம்பித்தது. ஆறாவது மாதம் மாறவே மறுத்தது. அண்ணாச்சி பார்த்துவிட்டு, "இந்த ஸ்பிரிங்கு எதுக்குண்ணே, அழகுக்கா?" என்று மட்டும் கேட்டார். என் அப்பாவின் 22 அங்குல வண்டி அவர் கடையின் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதில் ஸ்பிரிங் கிடையாது. அது முப்பது வருஷம் மூட்டை சுமந்திருக்கிறது.

மலிவு என்பதே தப்பு என்று சொல்லவில்லை. அலங்காரம் இல்லாத, நேராகப் பூட்டிய, கிரீஸ் வைத்த ஒரு சாதாரண வண்டி ஐந்தாயிரத்துக்கு வருமென்றால் அதைப்போல் லாபமான பொருள் உலகத்தில் இல்லை. பெட்ரோல் கேட்காது. இன்சூரன்ஸ் கேட்காது. எலியார்பத்தி டோல்கேட்டில் நின்று கப்பம் கட்டாது. ஆனால் விலை குறைந்த வண்டி வேறு, விலை குறைத்த வண்டி வேறு. முதலாவதை ஏழை தேடிப் போகிறான். இரண்டாவது ஏழையைத் தேடி வருகிறது, மேளதாளத்தோடு.

நேரத்தையும் பார்த்துவிடலாம். 2022 ஜூலையில் கொடுத்தார்களே, அது யாருக்குத் தெரியுமா? 2021-22-இல் பதினோராம் வகுப்பு படித்தவர்களுக்கு. வண்டி கைக்கு வந்தபோது அவர்கள் பன்னிரண்டில் இருந்தார்கள். ஒரு வருஷம் முழுக்க நடந்து தீர்த்த பிறகு சைக்கிள். கொரோனா என்பார்கள். கொரோனா இல்லாத வருஷம் தேர்தல் என்பார்கள். தேர்தல் இல்லாத வருஷம் டெண்டர் என்பார்கள். பிள்ளைகளின் கால் எந்த வருஷமும் எதுவும் சொல்வதில்லை.

அது இருக்கட்டும், ஏன் பதினொன்று? மேல்நிலைப் பள்ளிதான் தூரம், அதனால் என்று பதில் வைத்திருப்பார்கள். முடுக்கன்குளம் பக்கம், ஆவியூர் பக்கம் உள்ளே இருக்கிற ஊர்களில் போய் நின்று பாருங்கள். எட்டாவது வரை ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஓட்டிவிடுகிற பிள்ளைக்கு ஒன்பதாவதிலேயே தூரம் தொடங்கிவிடுகிறது. பள்ளி நேரத்துக்கு பஸ் இருக்கிறதா என்பது அந்தந்த ஊரின் ஜாதகம். ஆனால் மில் வேன் வரும். விடியும் முன்னே தெரு முனையில் வந்து ஹாரன் அடிக்கும். சிவகாசிப் பக்கம் போனால் பட்டாசு ஆலை வண்டி வரும். பள்ளிக்கூடம் பிள்ளையை ஐந்து கிலோமீட்டர் நடக்கச் சொல்கிறது, கம்பெனி வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது. இந்தப் போட்டியில் ஒன்பதாவதில் தோற்றுப்போன பெண்ணுக்குப் பதினொன்றாவதில் சைக்கிள் கொடுப்போம் என்கிறோம். அவள் அதை வாங்கிக்கொள்ள எங்கே இருப்பாள்? மில் விடுதியில் இருப்பாள்.

பீகாரைப் பற்றி நாம் மேடையில் என்னென்ன பேசுவோம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த பீகார் 2006-இல் ஒன்பதாம் வகுப்புக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் பணமாகக் கொடுத்தது. லாரி இல்லை, மைதானத்தில் சுத்தியல் இல்லை. அப்பனும் மகளும் கடைக்குப் போய், சக்கரத்தைச் சுண்டிப் பார்த்து, பேரம் பேசி வாங்கினார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதை ஆராய்ந்து 2017-இல் கட்டுரை வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளி வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் கூடியிருந்தது. ஆண்-பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பீகார் தொடங்கிய அதே 2006-இல் கர்நாடகமும் எட்டாம் வகுப்பிலேயே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய நாம் பதினொன்றில் நிற்கிறோம். முன்னோடி மாநிலம் அல்லவா, நின்று வேடிக்கை பார்க்கிற உரிமை உண்டு.

இது ஒன்றும் நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் ஏறிப் போனார்கள். பாரில் குழந்தை, கேரியரில் தண்ணீர்க் குடம். யாரும் அவர்களுக்கு விலையில்லா எதையும் கொடுக்கவில்லை. சைக்கிள் என்றால் என்ன என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு இப்போது அது ஒரு விழாவின் பெயர்.

டெல்லியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். அங்கிருந்து இலவசத் திட்டங்களை "ரேவடி", அதாவது ஓசி மிட்டாய், என்று கேலி செய்தது 2022 ஜூலையில்தான், இந்த 323 கோடி சைக்கிள் வந்த அதே மாதம். 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கு வருமான வரியைக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே சொன்னார். வகுத்துப் பார்த்தேன். அந்த ஒரு வருஷத் தள்ளுபடியில் எங்கள் பிள்ளைகளுக்கு நானூறு வருஷத்துக்குமேல் சைக்கிள் கொடுக்கலாம். கிரீஸ் வைத்தே கொடுக்கலாம். ஜிஎஸ்டி வந்த 2017-இலிருந்து 2025 செப்டம்பர் வரை தங்கத்துக்கு வரி 3 சதவீதம், சைக்கிளுக்கு 12 சதவீதம். எட்டு வருஷம் கழித்து 5 ஆக்கினார்கள். இப்போதும் தங்கம்தான் சைக்கிளைவிட ஏழை.

உலக சைக்கிள் தினம் என்று ஒன்று இருக்கிறது. ஜூன் 3. 2020-இல் அதே ஜூன் 3-ஆம் தேதிதான் சாகிபாபாத்தில் அட்லஸ் சைக்கிள் ஆலையின் வாசலில் வேலை இல்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நாள் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நாள் பார்த்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது. அந்த நாள் வந்தால் போதும், பெரிய ஊர்களில் பெரிய மனிதர்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு விழிப்புணர்வுப் பேரணி போவார்கள். பின்னால் அவர்கள் கார் காலியாக, ஏசி ஓட, மெதுவாக ஊர்ந்து வரும். யாருக்கு விழிப்புணர்வு? தினமும் சைக்கிளில் போகிறவனுக்கா?

அவனுக்கு வேண்டியது விழிப்புணர்வு இல்லை, ஓரத்தில் இரண்டு அடி ரோடு. மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை எங்கள் ஊரை உரசிக்கொண்டு போகிறது. கண்டெய்னர் லாரிக்கு இடம் இருக்கிறது, ஆம்னி பஸ்ஸுக்கு இடம் இருக்கிறது. சைக்கிள் பிள்ளைக்கு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண் இருக்கிறது. மண்ணில் சீமைக்கருவேல முள் இருக்கிறது. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையே அதை வெட்டச் சொல்லிப் பார்த்தது. மரம் அசையவில்லை. டெண்டரில் வந்த மெல்லிசான டயர் அந்த முள்ளைப் பார்த்ததும் சரணாகதி. ஒரு பஞ்சர், இரண்டு பஞ்சர், மூன்றாவதுக்கு ட்யூபே மாற்ற வேண்டும். நாலாவதுக்கு வண்டியைத் தூக்கித் திண்ணை மூலையில் சாத்திவிடுகிறார்கள். அங்கே கோழி அடைகிறது. இல்லாவிட்டால் ஆயிரத்துச் சொச்சத்துக்கு யாரோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். உடனே "ஓசியில் கொடுத்தால் அருமை தெரியுமா?" என்று ஒரு கூட்டம் கிளம்புகிறது. அந்தக் கூட்டத்தில் யாராவது அந்தச் சைக்கிளை எலியார்பத்தி வரை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். நான் இடது பெடலைப் பத்திரமாகப் பொறுக்கி வைத்திருப்பேன்.

மத்திய அரசின் "முன்னேற விழையும் மாவட்டங்கள்" பட்டியலில் எங்கள் விருதுநகரும் உண்டு. பிளஸ் டூ தேர்ச்சியில் வருஷக்கணக்காக மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டமும் இதே விருதுநகர்தான். பிள்ளைகள் எப்போதோ விழைந்து முடித்துவிட்டார்கள். வண்டிதான் இன்னும் விழைந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவையும் திட்டிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நானும் மேடைப் பேச்சாளன் ஆகிவிடுவேன். அண்ணாச்சி வேலையை முடித்து, வண்டியை நிமிர்த்தி, பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துப் போட்டார். பிள்ளை ஏறினாள். முதல் பத்து அடி தள்ளாட்டம். அப்புறம் நேராகப் போனாள். திரும்பி வந்து, பெல்லை அடித்து, "அம்மா, பின்னால உக்காரும்மா" என்றாள். கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பு, 500 ரூபாய்த் தாள் கைமாறியதை மறந்துவிட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பித்தான் எல்லா டெண்டரும் நடக்கிறது.

அவர்கள் தெருவைத் தாண்டிப் போகும் வரை அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு செல்போனை எடுத்து மதுரைக்குப் பேசினார். அடுத்த வாரம் இன்னொரு பள்ளியில் விழாவாம்.

"ஆமாப்பா, பெடல்தான். எடது மட்டும். மூணு டஜன் போட்டு விடு."